தாய்மீட்டரின் பயணக் களைப்பு

கள்ளக்குறிச்சியில் பாதிப் பேர் ஏசி என்ற பொருளைக் கண்ணால் கண்டிராத காலம் அது. ஆனால் ஊரில் ஒரு அறையில் மட்டும் அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிக்காக இல்லை, பிரசவ வார்டுக்காகவும் இல்லை. ஒரு மீட்டருக்காக. ‘அளவுகருவிச் சரிபார்ப்பு நிலையம்’ என்று பலகை மாட்டிய ஓட்டுக் கட்டடத்தில் அந்த மீட்டர் வாசம் செய்தது. நிலையத்தார் அதைத் தாய்மீட்டர் என்று பயபக்தியோடு அழைத்தார்கள். ஆயுத பூஜைக்கு முதல் மரியாதை அதற்குத்தான். பொட்டு வைத்தால் அளவு மாறிவிடும் என்பதால் அது உட்கார்ந்திருந்த மேசைக்கு வைத்தார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அரசாங்கத்தில் எதை அளப்பதானாலும், அளக்கிற கருவி ஒழுங்காக அளக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை தாய்மீட்டரோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்து, தேதி போட்ட பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அந்தத் தேதி வரைக்கும் கருவி சொல்வது வேதவாக்கு. மறுநாள் காலையிலிருந்து அது எவ்வளவு சரியாகச் சொன்னாலும் சொல்லாததாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தைலம்மாள் அவரையும் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

தைலம்மாள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி நடந்தால் வருகிற ஆலங்கொம்பையில் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். மலையில் பிறந்து, கீழே படித்து, அடம்பிடித்து மலைக்கே வேலை மாற்றி வாங்கிப் போனவள். பாம்புக்கடி ஊசி மருந்து வைக்க அவளுடைய நிலையத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்திருந்தது. ஃபிரிட்ஜுக்காக ஆடி மாதத்தில் கம்பமும் நட்டுக் கம்பியும் இழுத்துவிட்டார்கள். சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுவிட்சைப் போடும் முன், கம்பியில் மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் என்கிற எலக்ட்ரானிக் பெட்டியை வைத்துச் சோதிக்க வேண்டும். லைன்மேன் ஆதிமூலத்தின் மெக்கரில் ஸ்டிக்கர் ஆனி மாதமே காலாவதியாகி இருந்தது.

லைன்மேன் லைனை விட்டு இறங்கக் கூடாது, கரண்டு கேட்கிறவர்கள்தான் மெக்கரைச் சுமந்துபோய் ஸ்டிக்கர் வாங்கி வர வேண்டும் என்றார் ஆதிமூலம். அதெல்லாம் எங்கள் வேலை இல்லை என்றது சுகாதாரத் துறை. இரண்டு துறைகளும் ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஆவணியில், சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த வேடியப்பனைக் கண்ணாடிவிரியன் கடித்தது. வேடியப்பன் தைலம்மாளின் கூடப்பிறந்த தம்பி. தூளி கட்டி நாலு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து இறங்கினார்கள். கோமுகி அணை கண்ணுக்குத் தெரிகிற வளைவில் அவன் உயிர் போய்விட்டது. நர்ஸாக இருந்து என்ன, அக்காவாக இருந்து என்ன, கையில் மருந்து இல்லாமல் அவள் கூடவே ஓடி வந்தாள், அவ்வளவுதான். கருமாதி முடிந்ததும் யாரிடமும் கேட்காமல் மெக்கரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நிலையத்தின் கண்காணிப்பாளர் சின்னதுரை நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். யாருக்கும் கெட்டது செய்யமாட்டார். எதுவுமே செய்யாதவரால் கெட்டது மட்டும் எப்படிச் செய்ய முடியும்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாய்மீட்டருக்குத் துணையாகக் குளிர் அறைக்குள் போய்க் கண்ணை மூடி அமர்ந்திருப்பார். எட்டிப் பார்த்த தைலம்மாளைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உள்ள வராதம்மா. இந்த ரூம்புல ஒருத்தருக்கு மேல கூடாது. மனுஷ ஒடம்பு ஒரு அடுப்பு. இருபத்து மூணு டிகிரி தாண்டிச்சின்னா தாய்மீட்டர் கெட்டுப்பூடும்.”

அவள் வாசலில் நின்றபடியே விவரத்தைச் சொன்னாள். தம்பி செத்ததையும் சொன்னாள். சின்னதுரை உச்சுக் கொட்டினார். பிறகு மெக்கரைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“மலைலேர்ந்து வந்த கருவி. மலைக் குளிரு இதுக்குள்ள இருக்கும். ஒரு நாள் வராண்டாவுல வச்சிரு. நம்ம ஊரு காத்துக்குப் பழகணும். நாளைக்கு வா.”

“ஒரு நிமிசத்து வேலைன்னு சொன்னாங்களே சார்.”

“வேலை ஒரு நிமிசம்தான். முறைன்னு ஒண்ணு கீதே.”

மறுநாள் காலை அவள் போனபோது நிலையத்தில் இழவு வீட்டு அமைதி. தாய்மீட்டருக்கே ஒரு சான்றிதழ் உண்டு, அதற்கும் ஒரு தேதி உண்டு, அந்தத் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது என்று கலியமூர்த்தி தாழ்ந்த குரலில் சொன்னார். அவர்தான் நிலையத்தில் எலக்ட்ரீஷியன், காவலாளி, டீ வாங்கி வருகிறவர் எல்லாம். தாய்மீட்டரை மெட்ராசுக்குக் கொண்டுபோய் அங்கிருக்கிற பெரிய மீட்டரோடு ஒப்பிட்டு வந்தால்தான் மறுபடி அது தாயாகும்.

“நேத்து நான் வந்தப்ப உசுரோடதானே இருந்திச்சி?” என்றாள் தைலம்மாள்.

“நேத்து உன் கருவி பழகிக்கினு இருந்திச்சேம்மா,” என்றார் சின்னதுரை. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மெட்ராசுக்குப் போவதும் லேசில்லை. தனி இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் பூராவும் சாலை மறியல் நடந்த வாரம் அது. ரோட்டோரத்துப் புளிய மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. ஆங்காங்கே துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்துகொண்டிருந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்னதுரையோ வேறு கவலையில் இருந்தார்.

தாய் காலாவதியானால் பிள்ளைகளும் காலாவதி என்று அவர் ஒரு சுற்றறிக்கை எழுதி, அவரே கையெழுத்திட்டு, அவரே பெற்றுக்கொண்டார். கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு அளவுகருவியும் அன்றிலிருந்து செல்லாது. சுவர்க் கடிகாரம் நிலையத்தின் கருவிப் பட்டியலில் இருந்ததால் அதைத் துணி போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு ஊழியர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் தாமதம் என்று யாரும் சொல்ல முடியவில்லை. வோல்ட் மீட்டரும் செல்லாது என்பதால் வந்துகொண்டிருக்கிற கரண்டு எவ்வளவு என்று அதிகாரபூர்வமாகத் தெரியாது. தெரியாத கரண்டில் ஃபேன் ஓடுவது ஆபத்து என்று வராண்டா ஃபேனை நிறுத்தினார்கள். ஏசி மட்டும் அத்தியாவசியம் என்பதால் ஓடியது.

வராண்டாவில் தைலம்மாளோடு இன்னொருத்தியும் காத்திருந்தாள். களமருதூர் ஜெயம்மாள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவிக்கு ஸ்டிக்கர் இல்லை, அதனால் நெல்லை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மழை வேறு வந்துவிட்டது. அறுத்துக் குவித்த நெல் அங்கே முளைத்துக்கொண்டிருந்தது. மறியலுக்கு முந்தின நாள் வந்து மாட்டிக்கொண்டவள்.

“நெல்ல வாயில போட்டுக் கடிச்சா தெரியப்போவுது காஞ்சிதா ஈரமான்னு,” என்றாள் ஜெயம்மாள். “அதுக்கு ஒரு டப்பா, அந்த டப்பாவுக்கு ஒரு டப்பா. இப்ப அந்த டப்பாவுக்கே சீக்காம்.”

சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்திலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்டவர்கள் இன்னும் சிலர் ஆளுக்கொரு கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் சின்னதுரை துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஜீப்பில் தாய்மீட்டரோடு மெட்ராசுக்கே போய்விடுவது. ஆனால் ரோடு குண்டும் குழியும், மீட்டர் குலுங்கினால் போச்சு. அவர் பார்வை தைலம்மாள் மீது விழுந்தது.

“பச்சக் கொழந்தைங்கள தூக்கிப் பழகுன கை. நீ மடில வச்சிக்கம்மா.”

ஸ்டிக்கர் கிடைக்குமென்றால் தாய்மீட்டருக்குத் தாலாட்டும் பாடத் தயாராக இருந்தாள் தைலம்மாள். கம்பளி சுற்றிய மீட்டரை மடியில் ஏந்திக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தாள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு புளிய மரம் வழிமறித்துக் கிடந்தது. கிளைகளின் மேலும் கீழும் ஆட்கள். குத்தகை நிலத்தில் பாடுபடுகிற முகங்கள். முன்னால் வந்தவன் பெயர் மாயவன் என்று மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது.

“இன்னா சார் கம்பளிக்குள்ள? கொழந்தையா? ஒடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, கிளைய வெட்டி வழி உடறோம். ஆஸ்பத்திரி வண்டிய நாங்க தடுக்கறதில்ல.”

ஆமாம் என்று சின்னதுரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழி கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஜீப்பிலிருந்து இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொற்பொழிவைத் தொடங்கினார்.

“தம்பிங்களா, இது கொழந்த இல்ல. அதுக்கும் மேல. தாய்மீட்டர். இந்தத் தாலுக்காவுல எது எவ்ளோன்னு சொல்ற உரிமை இதுக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தபா இத அளந்து பாக்கலைன்னா, இது சொல்றது எதுவும் செல்லாது. பழைய அளவ வச்சிக்கினு ஒரு அரசாங்கம் நடக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

மாயவன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு திரும்பி மரத்தில் இருந்தவர்களிடம் கத்தினான். “யோவ், கேட்டுக்குங்க! வருசத்துக்கு ஒரு தபா அளக்கலைன்னா செல்லாதாம்!” அப்புறம் சின்னதுரையிடம் வந்தான். “சார், எங்க சாதிய கடைசியா எண்ணினது வெள்ளக்காரன், முப்பத்தொண்ணாம் வருசத்துல. அந்தக் கணக்க வச்சிக்கினுதான் இன்னிக்கும் எங்களுக்கு இவ்ளோ போதும்னு சொல்றீங்க. நாங்க எப்பவோ காலாவதியாயிட்டம் போல கீதே? எங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ற ஆபீசு எங்க சார் கீது?”

“மனுஷங்களுக்கு அதெல்லாம் தேவையில்லப்பா,” என்றார் சின்னதுரை, பொறுமையாக. “கருவி தப்பாச் சொன்னா அரசாங்கத்துக்கு நஷ்டம். மனுஷன் கணக்கு தப்பாயிருந்தா மனுஷனுக்குத்தானே நஷ்டம்?”

சிரிப்பு கிளை கிளையாகத் தாவியது. கிளையை வெட்ட யாரும் வரவில்லை. வந்த வழியே ஜீப்பைத் திருப்பிவிட நாலு பேர் வந்து கைகொடுத்தார்கள். தைலம்மாளிடம் மாயவன், நீ யாரும்மா, எதுக்கு இந்த ஆள்கூட வந்தே என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஸ்டிக்கர் கெடைச்சிதுன்னா இங்க வா. மலையடிவாரம் வரைக்கும் சைக்கிள்ல உடறேன். நம்ம மரம் எதுவும் உன்ன நிறுத்தாது,” என்றான்.

நிலையத்துக்குத் திரும்பியதும் சின்னதுரை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வாகனத்தில் சென்ற கருவி ஒரு நாள் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மெட்ராசு போய்ச் சேர்ந்ததா, ஊர் எல்லையிலிருந்து திரும்பியதா என்று விதி கேட்கவில்லை. தாய்மீட்டருக்குப் பயணக் களைப்பு என்று அறைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். மீட்டரை மடியில் சுமந்து சென்ற தைலம்மாளுக்கு ஓய்வைப் பற்றிப் புத்தகத்தில் எதுவும் இல்லை. அவள் வராண்டா தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். படுத்தாளே ஒழிய தூக்கம் வரவில்லை. மலையில் மழைக்காலம். பாம்புகள் புற்றை விட்டு வெளியே வருகிற காலம். இன்றைக்கு யார் வீட்டுக் கொல்லையில் எவன் குனிந்து களை எடுக்கிறானோ என்ற நினைப்பு அவளை அரித்தது.

மறுநாள் ஏசி நின்றது. சின்னதுரை வேர்க்க விறுவிறுக்க வெளியே ஓடி வந்தார். “கலியமூர்த்தி! இன்னா ஆச்சு பாருய்யா!”

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார். “பாக்கணும்னா மீட்டர் வச்சித்தான் சார் பாக்கணும். எல்லா மீட்டரும் செல்லாதுன்னு நீங்கதானே...”

“மீட்டரு இன்னாத்துக்குய்யா? ரெண்டு ஒயரு, ஒரு பல்பு. வச்சிப் பாத்தா எரியுதா இல்லியான்னு தெரியாதா? இதுக்குப் போயி...”

கலியமூர்த்தி நாற்பது வாட் பல்பில் ரெண்டு ஒயரைச் சுற்றி அங்கே இங்கே வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் பல்பு எரியவில்லை. ஃபியூஸ் கம்பியை மாற்றினார். ஏசி உறுமிக்கொண்டு கிளம்பியது. சின்னதுரை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார்.

தைலம்மாள் எழுந்து நின்றாள்.

“சார். உங்க ஏசிக்கி பல்பு போதும். எங்க ஊசி மருந்துக்கு மட்டும் தாய்மீட்டர் வேணுமா?”

சின்னதுரை அவளைப் பரிவோடு பார்த்தார். தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற நிதானத்தில் பேசினார். “ரெண்டும் வேற வேறம்மா. ஏசி நின்னு தாய்மீட்டர் கெட்டுதுன்னா நான் பதில் சொல்லணும். மேலேர்ந்து கேப்பாங்க, விசாரணை வரும், என் பென்ஷன்ல கை வப்பாங்க. உங்க மலைல ஒரு உசுரு போனா...” கொஞ்சம் யோசித்தார். “அது வேற டிபார்ட்மென்ட்.”

வெயில் ஓட்டின் மேல் காய்ந்தது. தைலம்மாளுக்குத் தம்பியின் முகம் நினைவுக்கு வரவில்லை, தூளியிலிருந்து வெளியே தொங்கிய அவன் கால்தான் வந்தது. அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தாள். குளிர் அறையின் கதவைத் திறந்து உள்ளே போய், தாய்மீட்டர் மேசைக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏய், வெளிய வா! ஒருத்தருக்கு மேல கூடாதுன்னு...”

“நான் ஒருத்திதானே சார் இருக்கேன்?”

கதவருகே வந்த ஜெயம்மாளுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. “அங்க ரோட்ட மறிச்சாங்க, இவ ரூம்ப மறிக்கிறா. ஏம்மா நர்சு, கொஞ்சம் தள்ளிக்க,” என்று அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சங்கராபுரத்துக்காரர் வந்தார். தியாகதுருகத்துக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கருவியை மடியில் வைத்துக்கொண்டு தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். கதவு மூட முடியாமல் திறந்தே கிடந்தது. மனித உடம்பு ஒரு அடுப்பு என்று சின்னதுரை சொன்னது முழு உண்மை. சுவரில் இருந்த வெப்பமானி மெல்ல மெல்ல ஏறியது.

“அய்யோ, இருபத்து நாலு! இருபத்து அஞ்சு! எழுந்திருங்க, மீட்டர் பூடும்!”

“அந்த வெப்பமானிக்கும் ஸ்டிக்கர் செத்துப்போச்சே சார்,” என்றாள் ஜெயம்மாள். “அது சொல்றத நீங்க ஏன் நம்புறீங்க? நீங்கதானே சுத்தறிக்க போட்டீங்க?”

சின்னதுரை மனசுக்குள்ளேயே புகார் எழுதிப் பார்த்தார். அத்துமீறி நுழைந்து அறையைச் சூடாக்கினார்கள் என்று போலீசுக்கு எழுத வேண்டும். எவ்வளவு சூடு என்று எழுதுவது? செல்லாத வெப்பமானி சொன்னதை எழுதினால் அவர்மேலேயே நடவடிக்கை வரும். எழுதாமல் விட்டால் தாய்மீட்டர் போய்விடும். போலீசோ ஊரில் இருந்தால்தானே? அவர்கள் பூராவும் புளிய மரங்களிடம் போயிருந்தார்கள்.

“இருபத்து ஆறு,” என்றார் கலியமூர்த்தி, கதவோரம் நின்றபடி. அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை மறைக்க முடியாது.

“பதினாலாவது விதி,” என்றார் சின்னதுரை, பலவீனமாக. “அசாதாரண சூழ்நிலையில கண்காணிப்பாளரே தாய்மீட்டருக்குத் தவணை நீட்டிச்சித் தரலாம்.”

தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “இது எப்பலேர்ந்து இருக்குது சார்?”

“ஆரம்பத்துலேர்ந்தே இருக்கும்மா.”

“முதல் நாளே செஞ்சிருக்கலாமே!”

“அதிகாரம்னா கைல வச்சிருக்கிறதுக்கு. எடுத்துச் செலவு பண்ணா ஏன் பண்ணேன்னு கேப்பாங்க.” பேனா மூடியைத் திருகிக் கழற்றினார். “சர்வீசுல இத்தினி வருஷம் ஆச்சு. ஒரு தபா கூட நான் எதையும் உபயோகிச்சது இல்ல. அந்தப் பேர நீங்க கெடுத்துட்டீங்க.”

கையெழுத்துப் போட்டார். தாய் மறுபடி தாயானாள். கருவிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. ஒரு நிமிஷத்து வேலை என்று சொன்னது சரிதான், மெக்கருக்கு அதுகூட ஆகவில்லை. பச்சை ஸ்டிக்கரை ஒட்டியபின் சின்னதுரை பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ‘பொதுநலன் கருதி’ என்று எழுதினார்.

மாயவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டவைத்து, கச்சிராப்பாளையம் தாண்டி அடிவாரம் வரை கொண்டுவந்து விட்டான். அதற்கு மேல் அவள் நடந்தாள். மெக்கர் கனத்தது. அணை தெரிகிற வளைவில் மட்டும் அவள் நிற்காமல் வேகமாகக் கடந்தாள். ஆலங்கொம்பைக்கு வந்து சேர்ந்தபோது ஆதிமூலம் சுகாதார நிலையத்து வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். மெக்கரை எடுத்துக் கம்பியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

“அடடா, பாரும்மா. கசிவுன்றதே இல்ல. லைன் சுத்தமாக் கீது.” சந்தோஷத்தில் அவர் பேச்சை நிறுத்தவில்லை. “கம்பி இழுத்து முடிச்ச அன்னிக்கும் இதேதான் காட்டிச்சி. ஒரு புள்ளி கூட மாறல.”

தைலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“அன்னிக்கே பாத்தியாண்ணா?”

“பாக்காம இருப்பனா? என் கையால இழுத்த லைனாச்சே. ஆனா அது கணக்குல வராதும்மா. ஸ்டிக்கர் இல்லாம பாத்தது பாக்காத மாரிதான்.”

“ஆடி மாசம்.”

“ஆமா, ஆடி...” என்ற ஆதிமூலத்துக்கு அப்போதுதான் அவள் எந்த மாதத்தை எண்ணுகிறாள் என்று உறைத்தது. பீடி கையிலேயே அணைந்தது. “தைலம்மா, நான் இன்னா பண்ணட்டும், ரூலு...”

அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேரே உள்ளே போனாள். லைன்மேன்தான் போட வேண்டும் என்று அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவதற்குள் மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள். ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. மருந்து நாளைக்கு வந்துவிடும். அவள் ஃபிரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு, அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறும்வரை நின்றாள். தம்பி போனபோது வராத அழுகை அப்போது வந்தது. வந்ததை அவள் மறைக்கவும் இல்லை.

“ஸ்டிக்கருக்கு ஒரு வருசந்தாம்மா,” என்றார் ஆதிமூலம், வாசலில் நின்றபடி, வேறென்ன சொல்வது என்று தெரியாமல். “அடுத்த வருசம் இதே மாசம் காலாவதியாயிடும். அதுக்கு முன்னால மறுபடி எடுத்துகினு போவணும். இல்லன்னா லைன நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும்ணா,” என்றாள் தைலம்மாள். “மலை ஏறுற பாதையில மரத்துக்கு இன்னா பஞ்சம்?”